ஒரு சொல் ஒத்தால் உறவாகுமா?



பால்டிக் கடற்கரையில் லித்துவேனியா என்றொரு சிறு நாடு உண்டு. அந்நாட்டார் இரண்டு என்னும் எண்ணைத் 'து' என்பர். பெண்பாற் பெயரோடு வருமிடத்துத் 'துவி' என்பர். அங்கிருந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பால், மலாய் மக்கள் அதே எண்ணைத் 'துவா' என்கின்றனர். இவ்விரு நாடுகளுக்கும் இடையே, நாம் வாழும் கொல்கத்தா நகரத்து லேக் மார்க்கெட்டிற் காய்கறி விற்பவர் அதனைத் 'துய்' என்கிறார். இச்சொற்களின் முதலிலுள்ள தகரத்தைப் 'பந்து' என்பதிற் போல மெலித்து ஒலித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே சொல்லின் மூன்று சாயல்கள் போலக் காதில் விழும்.

ஆயினும், இவற்றுள் இரண்டே உடன்பிறந்தவை. மூன்றாவது, குரலில் ஒத்திருப்பினும், அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எவை உறவு, எது அயல் என்பதையும், அதனை எவ்வாறு துணிவது என்பதையும் இன்று ஆராய்வோம்.

இது புலவர்க்கு மட்டும் உரிய வினா என்று நேயர்கள் கருதுதல் வேண்டா. பிறமொழி வழங்கும் ஊரிற் குடியேறி வாழும் நமக்கு இவ்வினா வீட்டுக்குள்ளேயே எழுகின்றது. நம் பிள்ளைகள் வீட்டில் 'எட்டு' என்கின்றனர். தெருவில் 'ஆட்' என்கின்றனர். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருநாள் கேட்கின்றனர். 'ஆம், தமிழெண் வடமொழியிலிருந்து பிறந்தது' என்று நம்மவருள் ஒருவர் விடை கூறுகிறார். 'இல்லை, உலகத்து எண்களெல்லாம் தமிழிலிருந்து போனவை' என்று மற்றொருவர் மறுக்கிறார். முதல் விடையைக் கேட்ட பிள்ளை தன் தாய்மொழியை இரவல் மொழியென எண்ணி வளர்கிறது. இரண்டாம் விடையைக் கேட்ட பிள்ளை பிறர்முன் நகைப்புக்கு இடமாகிறது. இரு விடைகளும் ஒரே பிழையிற் கிளைத்தவை. ஒரு சொல் ஒத்தால் உறவு உண்டு என்று கொண்டதே அப்பிழை.

இரு மொழிகளில் ஒரு சொல் ஒத்திருப்பதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பிறப்பு. ஒரு தாய்மொழியிலிருந்து பிரிந்த மொழிகள் தாயின் சொல்லைத் தத்தம் வழியிற் காத்து வருவது இது. இரண்டாவது, கடன். வணிகத்தாலும் சமயத்தாலும் ஆட்சியாலும் ஒரு மொழியின் சொல் மற்றொன்றுட் புகுவது இது. மலாய் மொழியிலுள்ள 'கப்பால்', 'கெடாய்', 'காத்தில்', 'பெத்தி' என்பன நம் கப்பலும் கடையும் கட்டிலும் பெட்டியுமே. 'குரு', 'ராஜா', 'பஹாசா' என்பன வடமொழி தந்தவை. இவற்றால் மலாய் தமிழின் மகளும் ஆகாது. வடமொழியின் மகளும் ஆகாது. மூன்றாவது, இயற்கை. குழந்தையின் வாய் எளிதிற் பயிலும் மகரமும் பகரமும் எத்தனையோ நாடுகளில் தாய் தந்தையர் பெயராயின. காகத்தின் குரலும் பல மொழிகளில் அதன் பெயராயிற்று. நான்காவது, தற்செயல்.

தற்செயல் என்றவுடன் சிலர் ஐயுறுவர். 'பொருளும் ஒலியும் ஒருசேரப் பொருந்துவது தற்செயலாக நிகழுமா?' என்பர். நிகழும், நிகழாதிருந்தாலன்றோ வியப்பு! மனிதன் வாயில் தோன்றும் ஒலிகள் அளவிற்பட்டவை; ஒரு மொழி தேர்ந்து வழங்குவன அவற்றினுஞ் சில. உலகிலோ ஏறத்தாழ ஏழாயிரம் மொழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் அச்சில ஒலிகளைக் கொண்டே பல்லாயிரஞ் சொற்களை ஆக்குகின்றது. ஓரசையும் ஈரசையுமான சிறுசொற்கள் அங்கங்கே முட்டிக்கொள்வது இயல்பு. பாரசீகத்தில் 'பத்' என்பது தீயது என்னும் பொருளுடையது. 'பத்நாம்', 'பத்மாஷ்' என்று இந்நகரத் தெருக்களிலும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் 'பேட்' என்பதும் தீயது என்றே பொருள்படும். எனினும் இவ்விரு சொற்களும் வெவ்வேறு வழியில் வந்தவை என்பது மொழிநூலார் முடிபு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மபாபரம் என்னும் மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். அஃது ஆங்கிலேயரிடம் பெற்றதும் அன்று; ஆங்கிலேயர்க்குத் தந்ததும் அன்று.

ஒரே பெயருடைய இருவரை அண்ணன் தம்பியர் என்று நாம் கொள்வதில்லை. ஊரும் பாட்டன் பெயரும் குடிவழியும் பொருந்துகின்றனவா என்று கேட்கிறோம். சொற்களிடத்தும் அவ்வாறே கேட்டல் வேண்டும். தனித்து நிற்கும் சொல்லை விடுத்து, அதன் வரிசையை அழைத்து நிறுத்துவோம்.

முதலில் வங்காளியரின் எண் வரிசை: ஏக், துய், தீன், சார், பாஞ்ச், சொய், ஷாத், ஆட், நொய், தொஷ். இனி லித்துவேனியரின் வரிசை: வியெனாஸ், து, த்ரீஸ், கெதுரி, பெங்கி, ஷெஷி, செப்தினி, அஷ்துவோனி, தெவினி, தெஷிம்த். இடையே வடமொழியின் த்ரி, சதுர், பஞ்ச, ஷஷ், சப்த, அஷ்ட, தச என்பவற்றை வைத்துப் பார்த்தால், ஒன்று என்னும் எண் நீங்கலாக ஏனையவெல்லாம் அடியொற்றி வருதல் புலனாகும். ஒன்பதில் மட்டும் நகரம் இருக்க வேண்டிய இடத்தில் லித்துவேனியர் தகரம் கொண்டனர். அடுத்து வரும் பத்தின் சாயல் ஒன்பதின்மேற் படிந்தது என்று அதற்குக் காரணம் கூறுவர். வரிசையாக எண்ணும்போது ஓரெண் அயலெண்ணின் ஒலியைப் பற்றுவது பல மொழிகளில் நிகழ்ந்துள்ளது.

இனி மலாய் வரிசை: சாத்து, துவா, தீகா, எம்பாத், லீமா, எனாம், துஜூ, லாப்பான், செம்பிலான், செபூலு. 'துவா' ஒன்றுதான் அருகே வந்தது. ஏனையவை முகமறியாதவையாய் நிற்கின்றன. ஐந்தாகிய 'லீமா' கை என்னும் பழஞ்சொல்லே. ஹவாய்த் தீவில் இன்றும் 'லிமா' என்பது கையையும் ஐந்தையும் குறிக்கும். 'செம்பிலான்' என்பது ஒன்று எடுக்கப்பட்டது, அதாவது பத்தில் ஒன்று குறைந்தது என்னும் கருத்துடையது. நம் ஒன்பதும் பத்தினைச் சார்ந்தே பெயர் பெற்றது. இதனைக் கொண்டு தமிழும் மலாயும் உறவென்று துள்ளிக் குதித்தல் ஆகாது. விரலை மடக்கி எண்ணும் மனிதர் எங்கும் உள்ளாராதலின், கருத்தும் தற்செயலாக ஒத்தல் கூடும்.

வரிசை ஒன்றே போதுமா என்றால், போதாது. எண்ணுப் பெயர்களும் கடன் போவதுண்டு. ஆகவே இரண்டாவதொரு சோதனை வேண்டும். ஒரு சொல்லில் ஒலி எவ்வாறு பொருந்திற்றோ, அவ்வாறே பிற சொற்களிலும் பொருந்துகின்றதா என்பதே அச்சோதனை. வடமொழியின் 'த்வ' என்பதிலுள்ள தகரத்துக்கு லித்துவேனிய மொழியிலும் தகரமே நேராயிற்று. இஃது உண்மை உறவாயின், பிற சொற்களிலும் அவ்வாறே நேராதல் வேண்டும். பல்லுக்கு வடமொழி 'தந்த', வங்காளம் 'தாந்த்', லித்துவேனியம் 'தந்திஸ்'. பகலுக்கு வடமொழி 'தின', வங்காளம் 'தின்', லித்துவேனியம் 'தியெனா'. பத்துக்கு 'தச', 'தொஷ்', 'தெஷிம்த்'. கடவுளுக்கு வடமொழி 'தேவ', லித்துவேனியம் 'தியெவாஸ்'. கொடுத்தற்கு வடமொழி வேர் 'தா', லித்துவேனியம் 'துவோத்தி'. இதனை மலாய் மொழியில் வைத்துப் பாருங்கள். பல் 'கீகி', பகல் 'ஹாரி', பத்து 'செபூலு', கொடுத்தல் 'பெரி'. ஓரிடத்தும் தகரம் இல்லை. 'துவா' தனித்து நின்ற சாட்சி. அதன் சொல்லுக்குத் துணைநிற்பார் ஒருவரும் இலர்.

அவ்வாறாயின் மலாய்த் 'துவா'வின் உண்மைச் சுற்றம் யாது? மேற்கே மடகாஸ்கரிலிருந்து கிழக்கே ஈஸ்டர் தீவு வரையிலும், வடக்கே தைவானிலிருந்து தெற்கே நியூசிலாந்து வரையிலும் பரந்து கிடக்கும் ஏறத்தாழ 1,200 மொழிகள் ஒரு பெருங்குடும்பம். ஆஸ்திரோனேசியம் என்று அதற்குப் பெயர். மலாயில் 'துவா' என்பது மடகாஸ்கரில் 'ரோவா', நியூசிலாந்து மாவோரியர் மொழியில் 'ருவா', ஹவாயில் 'லுவா'. தகரம் ஓரிடத்தில் ரகரமாகவும் ஓரிடத்தில் லகரமாகவும் மாறியது. இம்மாற்றம் இச்சொல்லில் மட்டும் நிகழ்ந்ததா? இலையைக் கேளுங்கள். மலாயில் 'தாவுன்', மடகாஸ்கரில் 'ராவினா', மாவோரியில் 'ராவு', ஹவாயில் 'லாவு'. மலாயில் ஏரிக்குப் பெயர் 'தானாவ்'. மடகாஸ்கரில் நீருக்குப் பெயர் 'ரானோ'. மாவோரியரின் ரகரம் ஹவாயில் லகரமாதல் மேலும் பல சொற்களிற் காணலாம். மூன்று 'தொரு', 'கொலு'. ஐந்து 'ரிமா', 'லிமா'. ஒலி மாறினாலும் மாறும் நெறி மாறவில்லை. இந்நெறியே குடிவழி, இதுவே சாட்சி.

இனித் தைவான் தீவுக்குச் செல்வோம். அங்குள்ள பழங்குடியினரின் மொழிகள் இப்பெருங்குடும்பத்தின் மிகப் பழைய கிளைகள். அங்கே பைவான் மக்களும் புனுன் மக்களும் இரண்டு என்பதைத் 'துசா' என்கின்றனர். இடையில் ஒரு சகரம் உண்டு! மலாய் முதலிய தீவு மொழிகள் அச்சகரத்தை இழந்தன. இழந்த பின்னரே அச்சொல் 'துவா'வாகிக் காதுக்கு லித்துவேனியம் போல ஆயிற்று. காலத்திற் பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றன. உண்மை உறவின் இலக்கணமோ இதற்கு மாறானது. பின்னோக்கிச் செல்லுந்தோறும் உறவுச் சொற்கள் நெருங்கி வரும். லித்துவேனிய மொழியில் முதல் நூல் அச்சேறியது 1547-ஆம் ஆண்டில்தான். ஆயினும் அம்மொழியின் 'துவி' வடமொழியின் 'த்வே' என்னும் பெண்பாற் சொல்லுக்கு எத்துணை அண்மையில் நிற்கிறது பாருங்கள்.

இவ்வுண்மையைக் காண்பதற்கு அறிஞர் உலகம் தடுமாறிய வரலாற்றில் நம் கொல்கத்தாவுக்கும் பெரும் பங்குண்டு. 1784-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சர் வில்லியம் ஜோன்ஸ் இந்நகரில் ஆசியக் கழகத்தை நிறுவினார். 1786-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் அக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு விழாவில் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொதுமூலத்திலிருந்து தோன்றியிருத்தல் வேண்டும், அம்மூலம் இன்று இல்லாமற் போயிருக்கலாம் என்று அவர் கூறினார். வினையின் வேர்களையும் இலக்கண வடிவங்களையும் அவர் சான்றாகக் கொண்டார். வெறும் ஒலி ஒப்புமையைக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்வது ஏமாற்றுவது என்றும் அதே உரையில் எச்சரித்தார்.

எச்சரித்தவரையும் அவ்வழி இழுத்துச் சென்றது. 1791-ஆம் ஆண்டு அதே கழகத்தில் நிகழ்த்திய உரையில், சுமத்திராவைப் பற்றி மார்ஸ்டன் எழுதிய நூலிற் கண்ட சொற்களைக் கொண்டு, தீவு மொழிகளின் தாயும் சம்ஸ்கிருதமே என்று ஜோன்ஸ் முடிவு கட்டினார். ஐந்தாண்டுக்கு முன் உரைத்தது நிலைத்தது, இது நிலைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1841-இல், ஒப்பிலக்கணத்தின் தந்தையருள் ஒருவராகிய ஜெர்மானியப் பேரறிஞர் பிரான்ஸ் போப் அதே குழியில் விழுந்தார். மலாயும் பசிபிக் தீவு மொழிகளும் சம்ஸ்கிருதம் சிதைந்து பிறந்தவை என நிறுவத் தனி நூலே எழுதினார். 'துவா' போன்ற ஒப்புமைகள் அவர் கண்ணைக் கட்டின. அவர் காலத்திலேயே வில்ஹெல்ம் ஹும்போல்ட் என்பார் சாவகத்தின் பழைய காவி மொழியை ஆராய்ந்து, அதில் நிறைந்துள்ள வடசொற்கள் கடனே என்றும், மொழியின் உடல் வேறு என்றும் காட்டிவிட்டார். ஓட்டோ டெம்ப்வொல்ஃப் 1934 முதல் 1938 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளில் அத்தீவு மொழிகளின் ஒலி நெறிகளை வகுத்தமைத்தபின் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

ஒத்த சொல் அயலாதல் கண்டோம். ஒவ்வாத சொல் உறவாதலும் உண்டு. இந்நகரின் பழமையான கிறித்தவக் கோயில்களுள் ஒன்று, புர்ராபஜாருக்கு அருகில் 1724-இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம். அவ்வார்மீனியர் மொழியில் இரண்டுக்குப் பெயர் 'எர்கு'. இதனைத் 'துய்' என்பதனோடும் 'து' என்பதனோடும் யாரேனும் ஒப்பிடுவரா? ஆயினும் இஃது அவற்றின் உடன்பிறப்பு. தகரமும் வகரமும் கூடிநின்ற பழைய கூட்டெழுத்து ஆர்மீனிய மொழியில் 'ர்க்' என மாறும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே எடுத்துக்காட்டினார். இரண்டு என்னும் சொல்லில் மட்டுமன்றி, நீண்டது என்றும் அச்சம் என்றும் பொருள்படும் சொற்களிலும் அம்மாற்றத்தை அவர் கண்டார். கண்ணும் காதும் மறுத்ததை நெறி ஒப்புக்கொண்டது.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, பிள்ளைகள் கேட்ட 'எட்டு'க்கு வருவோம். தமிழில் எட்டு, வங்காளத்தில் ஆட், வடமொழியில் அஷ்ட, இடையே பிராகிருதத்தில் அட்ட. மிக நெருங்கிய ஒப்புமை! ஆனால் எட்டின் சுற்றத்தை அழையுங்கள். எட்டுப் பத்து எண்பது. எட்டு நூறு எண்ணூறு. எட்டுத் திசை எண்டிசை. எட்டுச் சாண் எண்சாண். எட்டின் டகர ஒற்று இவ்விடங்களில் ணகரமாகும் என்று தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்துள்ளது. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. ஆகவே 'எண்' என்பதே மூலம்; மூக்கொலி அதன் உயிர்நாடி. வடமொழியின் அஷ்டவில் மூக்கொலிக்கு இடமே இல்லை. பைவான் மக்கள் காத்துவைத்த சகரம் 'துவா'வின் உண்மையை உரைத்தது போல, கன்னடரும் நம் எண்பதும் காத்துவைத்த ணகரம் எட்டின் உண்மையை உரைக்கின்றது. பின்னோக்கிச் சென்றால் எட்டும் அஷ்டவும் விலகுகின்றன. இஃது உறவும் அன்று, கடனும் அன்று, தற்செயல்.

இத்தகைய ஆராய்ச்சியின் மீது ஒரு காலத்தில் நம் மொழியின் நிலையே தங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னாட்டு மொழிகளும் வடமொழியின் வழிவந்தவையே என்பது கல்கத்தாவிலும் செராம்பூரிலும் இருந்த ஐரோப்பிய அறிஞரின் கருத்தாயிருந்தது. வில்லியம் கேரி 1814-இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணமும் அக்கருத்தையே சார்ந்தது. சென்னையில் கலெக்டராயிருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் அதனை ஏற்கவில்லை. 1816-இல், காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் ஒரு முன்னுரை வரைந்தார். ஒத்த சில சொற்களைப் பொறுக்கிக் காட்டி வாதிடுவதை விடுத்து, வடமொழி வேர்களையும் தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்களையும் பட்டியலாக அடுத்தடுத்து வைத்தார். தென்மொழிகள் தம்முள் ஒத்து, வடமொழியினின்று வேறுபட்டு நிற்பதை வரிசையே பேசிற்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வரிசையாக நிறுத்தி ஒப்பிடும் நெறி தமிழுக்கு அதன் தனிப்பிறப்பை மீட்டுத் தந்தது. வெற்றுப் பெருமையால் வந்ததன்று அவ்வெற்றி. ஆதலின், அந்நெறியைக் கைவிட்டு, ஒலி ஒத்த சொற்களை எல்லா நாட்டிலிருந்தும் வாரிக்கொண்டுவந்து தமிழென்று முத்திரை குத்துவது, நமக்கு வாழ்வளித்த கருவியை நாமே ஒடிப்பதாகும்.

'அவ்வாறாயின் இந்த வங்க நாட்டில் நமக்கு உறவே இல்லையா?' என்று நேயர்கள் வினவலாம். உண்டு, நாம் தேடாத இடத்தில் உண்டு. வடக்கே ஜல்பைகுரி, அலிபூர்துவார் மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒராவோன் மக்கள் வாழ்கின்றனர். சோட்டாநாகபுரியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களது குறுக் மொழியில் ஒன்று முதல் எண்ணக் கேளுங்கள்: ஒண்ட், ஏண்ட், மூந்த், நாக். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம் செவி தானே மொழிபெயர்த்துக்கொள்ளும். ஐந்து முதல் அவர்கள் அயலாரின் எண்களைக் கடன் கொண்டனர். எனவே எண்ணை மட்டும் நம்பாது இரண்டாம் சோதனையையும் செய்வோம். நம் சொன்முதற் ககரம் அவர்களிடம் தொண்டையில் உரசி, ஆய்தத்தோடு கூடியது போல ஒலிக்கும். கண் 'ஃகன்', கை 'ஃகெக்கா', கொய்தல் என்னும் வினை 'ஃகொய்'. பாகிஸ்தானத்துப் பலுச்சிஸ்தானத்தில் வழங்கும் பிராகூயி மொழியிலும் கண் 'ஃகன்', கல் 'ஃகல்', இரண்டு 'இரட்'. இங்கே வரிசையும் உண்டு, நெறியும் உண்டு. இஃது உண்மை உறவு. அஷ்டவிலும் உலகத்து அகராதிகளிலும் உறவு தேடி அலையும் நாம், அடுத்த மாவட்டத்தில் தேயிலை கிள்ளும் உடன்பிறந்தாரை ஒருமுறையேனும் நினைத்ததுண்டா?

இவ்வாறு தொலைவையும் அண்மையையும் ஒருங்கே நோக்கிய பேரறிஞர் ஒருவரைக் கொல்கத்தா நமக்குத் தந்துள்ளது. சுனீதி குமார் சட்டர்ஜி 1890-இல் ஹௌராவைச் சார்ந்த சிப்பூரிற் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கைரா பேராசிரியராய் விளங்கியவர். வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய அவரது பெருநூல் 1926-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் இரவீந்திரநாத தாகூருடன் மலாயாவுக்கும் சாவகத்துக்கும் பாலித் தீவுக்கும் சென்றார். 'துவா' வழங்கும் நிலத்தை நேரிற் கண்டு பயண நூலும் எழுதினார். 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திராவிடம் பற்றிய அவர் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டது. 1968-இல் பால்டிக் மக்களையும் ஆரியரையும் ஒப்பிட்டு, 'து' வழங்கும் லித்துவேனியரைப் பற்றியும் நூல் இயற்றினார். 1977-இல் மறையும்வரை, தம் தாய்மொழியை ஆழ்ந்து கற்றதையே பிறமொழிகளைக் கற்பதற்கு வாயிலாகக் கொண்டவர் அவர். வங்க மொழியிற் படிந்துள்ள திராவிடச் சாயலை மறைக்காமல் எடுத்துரைத்ததும் அவர் நேர்மை.

அச்சாயல் யாது என்பதைச் சொல்லி முடிப்போம். பிறப்பு வேறாயினும், நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தவர்களிடம் ஒரு பொது நடை உண்டாகும். மொழிகளிடத்தும் அவ்வாறே. வங்காளி 'சா-டா' என்று தேநீருக்கு அழைக்கிறார். நாம் 'காப்பி கீப்பி' என்கிறோம். சொல்லின் முதலெழுத்தை மாற்றி எதிரொலித்து, 'அதுவும் அது போல்வனவும்' என்று பொருள் கொள்ளும் வழக்கம் இருவர்க்கும் பொது. 'பிரிஷ்டி ஹொபே போலே சாதா நிலாம்' என்கிறார் அவர். 'மழை பெய்யும் என்று குடை எடுத்தேன்' என்கிறோம் நாம். 'போலே' என்பதற்குச் சொல்லி என்று பொருள். நம் 'என்று' என்பதற்கும் அதுவே பொருள். ஒரு சொல்லேனும் ஒலியில் ஒக்கவில்லை. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே ஒக்கின்றது. இந்திய மொழிகளின் இத்தகைய பொதுநடையை மர்ரே எமனோ என்னும் அறிஞர் 1956-இல் ஒரு கட்டுரையில் விளக்கி, இந்தியாவை ஒரு மொழிப் புலம் என்று அழைத்தார்.

நேயர்களே, பிள்ளைகளுக்கு இனி நாம் கூறத்தக்க விடை தெளிவாகின்றது. எட்டும் ஆட்டும் உடன்பிறந்தவை அல்ல. எட்டு நம் எண்பதின் உடன்பிறப்பு. வங்காளியின் துய்யும் லித்துவேனியரின் துவும் ஒரு வீட்டிற் பிறந்தவை. மலாயின் துவா அவ்வழி வந்த வேற்றுவீட்டு விருந்து. குறுக் மொழி நம் வீட்டுப் பிள்ளை. வங்க மொழியோ பிறப்பால் அயல். வாழ்வால் அடுத்த வீடு. பிறப்புறவு நாம் தேடிக்கொள்வதன்று. அண்டை உறவோ நாள்தோறும் வாழ்ந்து ஈட்டிக்கொள்வது. இரண்டையும் கலக்காது இரண்டையும் போற்றுவோமாயின், தாய்மொழியைக் குறைத்துப் பேசவும் வேண்டா. பிறர் மொழியைப் பறித்துப் பேசவும் வேண்டா.